குளவி வேடம் பூண்ட ஈ

எருக்குழியின் விளிம்பிலும், சமையற்கழிவு சேர்த்து வைக்கும் தொட்டியின் மூடியிலும், கறுத்து நீண்ட பூச்சியொன்று அமர்ந்திருப்பதைக் கிராமங்களில் பணிபுரிவோர் பலரும் கண்டிருப்பார்கள். அதன் நீளம் 13 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். புகை படிந்தாற்போன்ற இறக்கைகள் முதுகின்மேல் ஒன்றன்மீது ஒன்றாக மடிந்து கிடக்கும். தலையின் முன்னே இரண்டு நீண்ட உணர்கொம்புகள் அசைந்துகொண்டிருக்கும். கால்கள் கறுப்பு, பாதங்கள் மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தாற்போல் வெண்மை. கையை அருகே கொண்டு சென்றால் உரத்த ரீங்காரத்துடன் எழும்பி, சிறிது தள்ளி மீண்டும் அமரும். பார்ப்பவர் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "குளவி!" என்பார்.

அது குளவியன்று, ஈ. அதற்குக் கொடுக்கு இல்லை. கடிக்கும் வாயும் இல்லை. ஆங்கிலப் பெயரைத் தழுவி இதனைக் கறுப்புச் சிப்பாய் ஈ என்று இன்று வழங்குகின்றனர். இதன் விஞ்ஞானப் பெயர் ஹெர்மீஷியா இலூசென்ஸ் என்பதாகும். இப்பெயரின் இரண்டாம் சொல் சற்று விந்தையானது. இலூசென்ஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு ‘ஒளி புகுந்து விளங்குவது’ என்று பொருள் கூறலாம். தலை முதல் வால் வரை கறுத்த ஒரு பூச்சிக்கு ஒளியின் பெயர் எப்படிப் பொருந்தும் என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். விடை பூச்சியின் இடுப்பில் இருக்கிறது. அதனை அறிந்துகொள்வது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அதை அறியாமையால் விளையும் நஷ்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளித் தோட்டத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மாணவர்கள் நான்கு மாதம் பாடுபட்டுச் சேர்த்த கம்போஸ்டுக் குழி அங்கே இருந்தது. குழியின்மேல் குளவிகள் மொய்ப்பதாகப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு, முதல் நாள் மாலையில்தான் அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தார்கள். எரு முழுவதும் நாறிற்று. குழியின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான புழுக்கள் செத்துக் கிடந்தன. மேலே ஒட்டியிருந்த ‘குளவி’ ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அதன் வயிற்றின் அடிப்பகுதியில் இரண்டு சிறு சாளரங்கள் பளிச்சென்று தெரிந்தன. அங்கிருந்த ஆசிரியர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவரைக் குறை கூற இயலாது. அவருக்கு அதைக் காட்டிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை.

அந்தச் சாளரங்களே பெயரின் திறவுகோல். இவ்வீயின் வயிற்றில் இரண்டாவது கண்டத்தின் இரு புறமும், கறுப்பு நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற இரண்டு பகுதிகள் உள்ளன. ஈ பறக்கும்போதும், வெளிச்சத்துக்கு எதிரே அமர்ந்திருக்கும்போதும், அவ்விரு பகுதிகளின் ஊடே ஒளி கடந்துவிடுகிறது. இடையில் எஞ்சும் ஒடுங்கிய கறுப்புப் பட்டை மட்டும் நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. ஆகவே பருத்த இடுப்புடைய ஈ, நூலிழை போன்ற இடுப்புடைய மண்குளவியாகத் தோற்றமளிக்கிறது. உண்மையில் இடுப்பு ஒடுங்கவில்லை; ஒளியைப் புகவிட்டு, ஒடுங்கியதாகக் காட்டுகிறது. நீண்ட உணர்கொம்பும், வெண்பாதமும், ரீங்காரமும் அவ்வேடத்துக்குத் துணை செய்கின்றன.

தீங்கற்ற பிராணி, தீங்குள்ள பிராணியின் உருவத்தை ஒத்திருந்து பகைவரிடமிருந்து தப்புதலைப் பேட்ஸ் முறைப் போலித் தோற்றம் என்பர். ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கில இயற்கை ஆய்வாளர் 1848 முதல் 1859 வரை அமேசான் நதிப் பிரதேசத்தில் தங்கிப் பூச்சிகளைச் சேகரித்தார். அங்குக் கண்ட வண்ணத்துப்பூச்சிகளை ஆதாரமாகக் கொண்டு அவர் 1862-ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார். நமது ஈயின் தாயகமும் அந்தத் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க வெப்பப் பிரதேசங்களே. குளவியிடம் ஒருமுறை கொட்டுப்பட்ட பறவை, அதைப் போன்ற யாவற்றையும் விட்டு ஒதுங்கும். ஈ இதனால் பிழைக்கிறது. ஆனால் மனிதன் பறவையைப்போல ஒதுங்கிப் போவதில்லை. மண்ணெண்ணெயை எடுத்து வருகிறான். பறவையிடமிருந்து காத்த வேடமே மனிதனிடம் அதைக் காட்டிக்கொடுத்து விடுகிறது.

ஒரு பெயரின் வழக்கு

இவ்வீக்குப் பெயரிட்டவர் ஸ்வீடன் நாட்டு இயற்கை விஞ்ஞானி லின்னேயஸ். பிராணிகளின் இருசொற் பெயர்களுக்குத் தொடக்கமாக இன்று கொள்ளப்படும் ‘சிஸ்டமா நேச்சுரே’ என்னும் நூலின் பத்தாம் பதிப்பில், 1758-ஆம் ஆண்டில், அவர் இதனை மஸ்கா இலூசென்ஸ் என்று குறித்தார். மஸ்கா என்பது வீட்டு ஈயின் பேரினம். அக்காலத்தில் பற்பல ஈக்களை அந்த ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தனர். பின்னர் 1804-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பூச்சியியலார் லாத்ரேல், ஹெர்மீஷியா என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். அது முதல் இவ்வினம் அங்குக் குடிபெயர்ந்தது. இதனால்தான் முழுப் பெயரை எழுதுகையில் லின்னேயஸின் பெயரையும் ஆண்டையும் பிறை வளைவுக்குள் இடுகிறோம். வளைவு வெறும் அலங்காரமன்று. இனத்துக்கு முதலில் பெயரிட்டவர் இவரே, ஆயினும் அவர் வைத்த பேரினத்தில் இனம் இப்போது இல்லை என்பதை அது அறிவிக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் இவ்வளைவை விட்டுவிடுகிறார்கள். சில அச்சிட்ட பட்டியல்களிலும் விடுபட்டிருக்கக் காண்கிறேன்.

வேடிக்கை இதன் பிறகே தொடங்குகிறது. 1767-ஆம் ஆண்டில் அதே லின்னேயஸ் அதே ஈயைப் புதியதொன்றாக எண்ணி மஸ்கா லியூக்கோப்பா என்று இன்னொரு பெயரும் இட்டுவிட்டார். லியூக்கோ என்பது வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1805-இல் பப்ரீஷியஸ் இதற்குச் ‘செவ்வயிறு’ என்று பொருள்படும் ரூஃபிவென்ட்ரிஸ் என்ற பெயரைத் தந்தார். 1834-இல் மக்கார் என்பவர் பெல்லூசென்ஸ் என்றார். ‘ஊடே ஒளி தெரிவது’ என்று பொருள். லின்னேயஸின் கண்ணை ஈர்த்த அதே சாளரங்கள் இவர் கண்ணையும் ஈர்த்தன போலும். 1879-இல் பிகோ என்பவர் ‘கருமுகம்’ என்று பொருள்பட நைக்ரிஃபேசியஸ் என்றார். 1889-இல் அமெரிக்காவில் ரைலி, ஹோவர்டு ஆகிய இருவர் பெயரால் மியூசென்ஸ் என்றொரு வடிவமும் ஏட்டில் ஏறிற்று. இலூசென்ஸ் என்னும் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் ஐ, எல், எல் என்று மூன்று நேர்கோடுகள் முதலில் நிற்கும்; எம் என்னும் எழுத்துக்கும் மூன்று கால்கள். கையெழுத்தைத் தவறாகப் படித்ததன் விளைவே மியூசென்ஸ் என்பது என் ஊகம்.

இவ்வாறு ஓர் ஈக்கு ஆறு பெயர்கள். இவற்றுள் எது செல்லும்? பிராணிப் பெயரீட்டில் முந்தியதே நிற்கும் என்பது விதி. எனவே 1758-ஆம் ஆண்டின் இலூசென்ஸ் நிலைத்தது. ஏனையவை இணைப்பெயர்களாக ஒதுங்கின. முந்திய பெயரே பொருத்தமான பெயராகவும் அமைந்தது நமது நல்வினை. விதி பொருத்தத்தைப் பார்ப்பதில்லை. மஸ்கா லியூக்கோப்பா ஒன்பது ஆண்டு முந்தியிருந்தால் நாம் வெண்மையின் பெயரையே வழங்கியிருப்போம்.

இன்னொரு நுட்பமும் ஆசிரியர்களுக்குப் பயன்படும். லின்னேயஸ் அதே 1758-ஆம் ஆண்டு நூலில், ஐரோப்பாவில் வாழும் வேறோர் ஈக்கு மஸ்கா வெஸ்பிஃபார்மிஸ், அதாவது ‘குளவி வடிவினது’ என்று வெளிப்படையாகவே பெயரிட்டார். அது மலர்களை நாடும் மிதவை ஈ வகுப்பைச் சேர்ந்தது. இன்று அதன் பேரினம் டெம்னோஸ்டோமா. லத்தீன் இலக்கணப்படி பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப அடைமொழியும் மாற வேண்டும். டெம்னோஸ்டோமா அஃறிணைப் பாலாதலின் வெஸ்பிஃபார்மிஸ் என்பது வெஸ்பிஃபார்மே என்று வாலை மாற்றிக்கொண்டது. இலூசென்ஸோ மூன்று பாலுக்கும் பொதுவான வடிவம். ஆகையால் பேரினம் மாறியும் அது ஓரெழுத்தும் மாறவில்லை. இரண்டு பெயரும் குளவி வேடமிட்ட ஈக்களுடையவை. ஒரு பெயர் வேடத்தைச் சொல்லுகிறது. மற்றொன்று வேடம் நிகழும் விதத்தைச் சொல்லுகிறது. வயல்வெளியில் பணியாற்றுவோருக்குப் பின்னதே அதிகம் உதவுவது.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதோடு, இறக்கைகளையும் எண்ண வேண்டும். குளவிக்கு இரண்டு இணை, அதாவது நான்கு இறக்கைகள். ஈக்கு ஓரிணையே; பின்னிணை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற வெளிறிய சமன்கோல்கள் இரண்டு இருக்கும். இறக்கையை மெல்ல விலக்கினால் இவை வெறுங்கண்ணுக்கே தெரியும்.

புழுவும் அதன் தொழிலும்

முட்டையிடும் வழக்கத்தில் இவ்வீ வீட்டு ஈயினின்றும் அடியோடு வேறுபட்டது. வீட்டு ஈ ஈரமான சாணத்தின் மேலும் அழுகலின் மேலும் நேரே முட்டையிடும். கறுப்புச் சிப்பாய் ஈயோ, அழுகலுக்கு அருகிலுள்ள உலர்ந்த வெடிப்புகளிலும் பலகையிடுக்குகளிலும் ஏறக்குறைய 500 முட்டைகளைக் குவியலாக இடும். வெப்பமான நாட்களில் நான்கு நாளில் அவை பொரியும். புழுக்கள் தாமே இறங்கி உணவைச் சேரும். தாய் ஈ குப்பையில் மிதித்து வந்து நம் சோற்றில் உட்காருவதில்லை. வளர்ந்த ஈ சில நாட்களே உயிர் வாழ்வது. பெரும்பாலும் புழுப் பருவத்தில் சேர்த்து வைத்த கொழுப்பைக்கொண்டே காலங்கழிக்கும். நீரும் சிறிது இனிப்பும் கிடைத்தால் உறிஞ்சும். அடுக்களையை நாடி வர அதற்குக் காரணமில்லை.

புழு தட்டையானது, தோல் சொரசொரப்பாகவும் தடிப்பாகவும் இருக்கும். இதற்குக் காரணம் அத்தோலில் சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பதே. உணவும் வெப்பமும் போதிய அளவில் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முழு வளர்ச்சி பெற்று, 20 மில்லிமீட்டரையும் தாண்டும். உணவு குறைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். கடைசிப் பருவத்தில் நிறம் கறுத்து, குடல் காலியாகி, தின்பதை முற்றிலும் விட்டு, உலர்ந்த இருளிடம் தேடி ஊர்ந்து வெளியேறும். பழைய தோலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பத்துப் பதினைந்து நாட்களில் ஈயாக வெளிவரும். எருக்குழிக்கு அருகே சுவரோரம் ஊர்ந்து போகும் கறுத்த புழுக்களைக் கண்டு மக்கள் அருவருப்பது இந்தப் பருவத்தில்தான். அவை போகும் வழியில் உலர்ந்த இலையோ மரத்தூளோ ஒரு மூலையில் குவித்து வைத்தால் வீட்டுப் பக்கம் வராமல் அங்கேயே அடங்கும்.

இப்புழுக்கள் அழுகல் பொருளின் உலர் எடையை ஏறக்குறைய பாதி வரை குறைத்துவிடுகின்றன. அதனினும் முக்கியமானது அவை வீட்டு ஈக்கு இடங்கொடாமை. 1959-ஆம் ஆண்டில் ஃபர்மன், யங், காட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், இப்புழுக்கள் நிறைந்த கோழி எருவில் வீட்டு ஈ பெருகுவது தடைப்படுவதை எடுத்துக்காட்டினர். சிப்பாய் ஈயின் புழுக்கள் ஏற்கெனவே நிறைந்துள்ள எருவில் வீட்டு ஈக்கள் முட்டையிட விரும்புவதில்லை என்பதைப் பிற்காலச் சோதனைகளும் காட்டின. ஆகவே ‘குளவி’ என்று எண்ணி இவற்றைக் கொல்பவர், சில வாரங்களில் வீட்டு ஈயைத் தம் கையாலேயே வரவழைத்துக்கொள்கிறார். நான் கண்ட பள்ளியிலும் அதுவே நேர்ந்தது.

ஆயினும் இதனை எல்லா இடத்திலும் வரவேற்க வேண்டும் என்று எழுதுவது நேர்மையாகாது. மண்புழு உரத் தொட்டியில் இது விருந்தாளியன்று. மண்புழுவை அது தின்பதில்லை. ஆனால் உணவை விரைந்து தீர்த்துத் தொட்டியைச் சூடாக்கிவிடும். புதிய கழிவைத் திறந்து போடாமல் உலர்ந்த சருகால் மூடினால் ஈயின் வருகை குறையும். நலிந்த தேனீக் கூடுகளிலும் புழுக்கள் காணப்பட்டதுண்டு. புழு கலந்த உணவை அறியாமல் உண்டவர்களின் குடலில் அவை தென்பட்ட நிகழ்ச்சிகளும் அரிதாக மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. எனவே கனியும் காயும் கழுவித் தின்பது, குப்பையைக் கையாண்டபின் கை கழுவுவது ஆகிய சாதாரண விதிகள் இங்கும் உண்டு.

புழுவின் உலர் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதமும் 30 சதவீதம் கொழுப்பும் அடங்கியிருக்கும். தின்ற தீனிக்கேற்ப இவ்வளவு மாறும். மீனுக்கும் கோழிக்கும் தீனியாக இதனை வளர்க்கும் முயற்சி இன்று நம் நாட்டிலும் பல நாடுகளிலும் பரவியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பூச்சிப் புரதத்தை 2017-இல் மீன் தீனிக்கும், 2021-இல் கோழி, பன்றித் தீனிக்கும் அனுமதித்தது; ஆனால் சாணமும் சமையற்கழிவும் தின்று வளர்ந்த புழுவை அனுமதிக்கவில்லை. இவ்வெச்சரிக்கை காரணமற்றதன்று. தீனியில் காட்மியம் இருந்தால் அது புழுவின் உடலில் சேர்ந்துவிடும். தொழிற்சாலைக் கழிவு கலந்த குப்பையில் வளர்ந்த புழுவைக் கோழிக்கு இடலாமா என்று கேட்பவருக்குக் களப்பணியாளர் தயங்காமல் கூடாது என்று சொல்ல வேண்டும்.

வளர்ப்போர் முதலில் மோதி நின்றது ஒளியின்மேல்தான். கூண்டுக்குள் அடைத்த ஈக்கள் மங்கிய வெளிச்சத்தில் இணை சேருவதில்லை. நல்ல சூரிய ஒளி, அல்லது அதற்கு நிகரான விளக்கொளி வேண்டும். லின்னேயஸுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை; இருந்தும் பெயர் பொருந்திவிட்டது.

இனி, இந்த அமெரிக்க ஈ நம் எருக்குழிக்கு எப்படி வந்தது? மனிதனின் கப்பல் வாணிபமும் சரக்குப் போக்குவரத்துமே அதை உலகின் வெப்ப நாடுகள் எங்கும் சேர்த்தன. ஐரோப்பாவில் இதன் முதற் பதிவாகக் கருதப்படுவது 1926-ஆம் ஆண்டில் மால்ட்டாவில் கண்டது. ஆனால் இத்தாலியின் நேப்பிள்ஸில், 1524-ஆம் ஆண்டில் மறைந்த அரகோன் இசபெல்லா என்னும் அரசகுலப் பெண்மணியின் கல்லறைப் பேழையில் இவ்வீயின் கூட்டுப்புழுத் தோல்கள் கிடைத்தன. அதைக் கொண்டு, கொலம்பஸின் காலத்துக் கப்பல்களிலேயே இது கடல் கடந்திருக்கலாம் என்று 2014-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் சிலர் கருத்து வெளியிட்டனர். பேழைக்குள் பிற்காலத்தில் ஈ புகுந்திருக்கவும் கூடுமாதலால், இதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டாம்.

பள்ளியில் இதனைக் காட்ட விரும்பும் ஆசிரியருக்குச் செலவேதும் இல்லை. அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டி ஒன்றை அமர்ந்திருக்கும் ஈயின் மேல் கவிழ்த்து, அடியில் தடித்த காகிதத்தைச் செருகினால் போதும். மாணவர்கள் முதலில் நிழலான இடத்தில் பார்த்து, குளவியா ஈயா என்று எழுதட்டும். பிறகு புட்டியைச் சாளரத்துக்கு நேரே உயர்த்திக் காட்டுக. பார்த்தபின் ஈயை வெளியே விட்டுவிடலாம்.

மாதிரி சேகரித்து அனுப்பும் களப்பணியாளர், சீட்டில் ‘குளவி’ என்றோ, வெறுமனே ‘ஈ’ என்றோ எழுதியனுப்பக் கூடாது. முதற்சொல்லுக்குக் கொட்டுக்கான மருந்தும், இரண்டாவதற்கு வீட்டு ஈக்கான மருந்தும் கிராமத்துக்கு வந்து சேரும். ஹெர்மீஷியா இலூசென்ஸ் என்று எழுதி, அடுத்து லின்னேயஸின் பெயரையும் 1758 என்னும் ஆண்டையும் பிறை வளைவுக்குள் இட்டு, கீழே ஊர், நாள், எடுத்த இடம் எருக்குழியா கோழிக்கொட்டிலா என்பவற்றைக் குறிக்கவும். ஊசியை மார்பின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகக் குத்துக. உலரும் முன்பே இறக்கைகளைப் பக்கவாட்டில் விரித்துவிட வேண்டும். மடிந்தபடி உலர்ந்தால் அவை சாளரங்களை மூடிக்கொள்ளும்.